ஆடாமல் நின்றவனுக்கு ஒரு சிலை: டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மரபுகள்

கேள்வி: என் மகள் ஆகஸ்டில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப்போகிறாள். அங்கே ஆட்டத்துக்கு முந்தைய நாள் நள்ளிரவில் மைதானத்தில் கூடிக் கத்துவார்களாம். ஆட்டம் முடியும்வரை மாணவர்கள் யாரும் உட்கார மாட்டார்களாம். ஒரு நாய்க்கு ராணுவ மரியாதை தருவார்களாம். படிக்கப் போகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு? அவள் இதிலிருந்து ஒதுங்கியே இருந்துவிடலாமா?

பதில்:

நீங்கள் கேட்டதையே 2006இல் என் அப்பா என்னிடம் கேட்டார். பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டுப் போய், அதே காலேஜ் ஸ்டேஷன் ஊரில் இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்தவன் நான். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் தொலைபேசியில், "சனிக்கிழமை ஊரே மைதானத்துக்குத்தான் போகிறது அப்பா" என்றேன். "நீ படிக்கப் போனாயா, பந்து பார்க்கப் போனாயா?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓரளவு இருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒதுங்க வேண்டாம். ஒரே ஒரு ஆட்டத்துக்காவது போய் அந்தக் கூட்டத்தில் நிற்கட்டும். ஏன் என்று சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1922 ஜனவரி 2, டல்லஸ் நகரம். அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டம்) டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி, கென்டக்கி மாநிலத்தின் சென்டர் கல்லூரியோடு மோதியது. சென்டர் சின்னக் கல்லூரிதான். ஆனால் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஹார்வர்டையே 6–0 என்று வீழ்த்தியிருந்த அணி. ஆட்டம் தொடங்கியதிலிருந்தே ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேறினார்கள். மாற்று ஆட்கள் தீர்ந்துவிடுவார்களோ என்று பயிற்சியாளர் டானா பைபிளுக்குக் கவலை வந்துவிட்டது. அப்போது அவருக்கு ஈ. கிங் கில் என்ற மாணவனின் ஞாபகம் வந்தது. கில் கால்பந்து அணியில் இருந்துவிட்டு, கூடைப்பந்துக்காக விலகியிருந்தவன். அன்று பார்வையாளர் மாடத்தில், பத்திரிகையாளர்களுக்கு வீரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தான். பைபிள் கையசைத்துக் கூப்பிட்டார். கில் இறங்கி வந்தான். மாடத்தின் அடியில், காயம்பட்ட வீரர் ஒருவரின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு, களத்தின் ஓரத்தில் வந்து நின்றான்.

ஏ அண்ட் எம் 22–14 என்று வென்றது. கில்லைக் களத்தில் இறக்க வேண்டிய தேவையே வரவில்லை. கடைசி நொடிவரை அவன் நின்றுகொண்டே இருந்தான், அவ்வளவுதான்.

அந்தக் கில்லுக்குத்தான் இன்று மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலை இருக்கிறது. வெற்றிப் புள்ளி எடுத்தவர்களின் பெயரைப் பழைய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். கில்லின் பெயர் குழந்தைக்கும் தெரியும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் என்றால் நமக்குக் கிரிக்கெட் ஞாபகம்தான் வரும்: தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் சுமந்து ஓடுகிறவர். அங்கே மாணவர் கூட்டம் மொத்தமும் தன்னைப் 'பன்னிரண்டாவது ஆள்' என்று அழைத்துக்கொள்கிறது. உங்கள் மகள் கேள்விப்பட்ட அந்த நிற்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். கூப்பிட்டால் இறங்க நான் தயார் என்று காட்டுவதற்காக மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நிற்கிறார்கள். செப்டம்பர் வெயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம். நான் நின்றிருக்கிறேன், முதல் தடவை முழங்கால் விட்டுப்போனது.

1983இல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர் இந்தப் பேச்சைச் செயலாகவே ஆக்கிக் காட்டினார். விளையாட்டு உதவித்தொகை எதுவும் பெறாத சாதாரண மாணவர்களிலிருந்து பத்துப் பேரைத் தேர்வு வைத்து எடுத்தார். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கட்டத்தில், எதிரணியைத் தடுக்கிற வேலையை அவர்களிடம் கொடுத்தார். முழு வேகத்தில் ஓடிப்போய் மோதுகிற வேலை. எலும்பு முறிய வாய்ப்புள்ள வேலை. பையன்கள் அபாரமாகத் தடுத்தார்கள். இப்போது பத்துப் பேர் இல்லை. அப்படி உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் வந்த ஒருவருக்கு 12ஆம் எண் சட்டையைக் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டை யாருக்கு என்ற அறிவிப்புக்கு இருக்கும் மதிப்பை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1876இல் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கிற அரசுக் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகளும் அவற்றைத்தான் குறித்தன. வேளாண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் செல்லச் சுருக்கமாகவே மாணவர்களுக்கு 'ஆகீ' என்ற பெயர் வந்தது. ரயில் நிலையத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத புல்வெளியில் கட்டிய கல்லூரி. ஊரின் பெயரே கல்லூரி நிலையம் என்று ஆகிவிட்டது. ஆண்கள் மட்டும் படித்தார்கள். எல்லோரும் 'கோர்' எனப்படும் கேடட் படையில் இருந்தாக வேண்டும். சீருடை, அணிவகுப்பு, விடியற்காலைக் கொம்பு. பொழுதுபோக்க வேறு வழியே இல்லாத இடத்தில், இளைஞர்கள் ஒருவரையொருவர் விட்டால் கதியில்லை என்று நூறாண்டு வாழ்ந்தால் எப்படிப்பட்ட பழக்கங்கள் வளருமோ, அப்படிப்பட்டவை வளர்ந்தன.

மைதானத்தின் கதையும் அப்படித்தான். எட்வின் கைல் என்ற தோட்டக்கலைப் பேராசிரியர், 1904 வாக்கில் தன் துறைக்கு ஒதுக்கிய நிலத்தில் ஒரு பகுதியை வேலியிட்டு விளையாட்டுக்குக் கொடுத்தார். பக்கத்து ஊரான பிரையனின் பொருட்காட்சித் திடலிலிருந்து ஒரு பழைய பார்வையாளர் மாடத்தைச் சொந்தப் பணம் 650 டாலர் போட்டு வாங்கிவந்து நிறுத்தினார். காய்கறி விளைய வேண்டிய நிலம் கைல் ஃபீல்டு ஆனது. 2015இல் முடிந்த விரிவாக்கத்துக்கு மட்டும் சுமார் 48.5 கோடி டாலர் செலவு. இன்று 1,02,733 பேருக்கு இருக்கை. விரிவாக்கம் நடந்துகொண்டிருந்த 2014இலேயே ஓர் ஆட்டத்துக்கு 1,10,633 பேர் வந்தார்கள். நான் படித்தபோது எண்பதாயிரத்துச் சொச்சம்தான். அதுவே எனக்குக் கடலாகத் தெரிந்தது.

சரி, நள்ளிரவு விஷயத்துக்கு வருகிறேன். அதன் பெயர் 'மிட்நைட் யெல்'. 1930களின் தொடக்கத்தில் முதலாண்டு கேடட்டுகள் சிலர் கிளப்பிய யோசனை. மூத்தவர்கள் அனுமதி என்று வாயால் சொல்லாமல் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று சொல்வார்கள். இப்போது உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இருபதாயிரம் பேர் கூடுவது சாதாரணம். ஆட்டம் இல்லை, வீரர்களும் இல்லை. வெறும் கூட்டமும் பேண்ட் வாத்தியக் குழுவும், ஐந்து 'யெல் லீடர்'களும் மட்டும். அந்த ஐவரும் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள்: இறுதியாண்டில் மூவர், மூன்றாம் ஆண்டில் இருவர். மற்ற இடங்களின் சியர்லீடர்களைப்போல் கரணம் அடிப்பது, மனிதக் கோபுரம் கட்டுவது எல்லாம் இங்கே கிடையாது. இவர்கள் கையால் ஒரு குறி காட்டுவார்கள். அதைப் பார்த்த முன்வரிசை திரும்பித் தன் பின்வரிசைக்குக் காட்டும், அது அடுத்த வரிசைக்கு. சில நொடிகளில் மேல்மாடத்தின் கடைசிப் படிவரை குறி ஏறிவிடும். பிறகு எல்லோரும் இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, அடிவயிற்றிலிருந்து ஒரே குரலாகக் கோஷமிடுவார்கள். குனிந்து கத்தினால் மூச்சு அதிகம் வரும் என்று எனக்கு அருகில் நின்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். உண்மைதான்.

கோஷங்களுக்கு நடுவே விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் காதலர்கள் முத்தமிட்டுக்கொள்வது வழக்கம். துணை இல்லாதவர்கள் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்து உயரப் பிடிப்பார்கள். அந்த வெளிச்சத்தில் இன்னொரு துணையில்லாதவர் கண்டுபிடித்துக்கொள்ளலாமாம். உங்கள் மகளை யாரும் எதற்கும் வற்புறுத்த மாட்டார்கள். நான் இரண்டு ஆண்டும் லைட்டர்காரர்களோடு நின்றேன். இப்போது கைப்பேசி வெளிச்சமும் சேர்ந்துகொண்டது.

இனி நாய். 1931 ஜனவரியில் நவசோட்டா ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கேடட்டுகளின் கார் ஒரு தெருநாய் மீது இடித்துவிட்டது. பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதிக்குத் தூக்கிவந்து ஒளித்துவைத்தார்கள். விடுதியில் விலங்குகளுக்குத் தடை. மறுநாள் விடியற்காலை, எழுப்புவதற்கான கொம்பு ஊதியதும் அது குரைத்தது. அந்தக் கொம்பிசையின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ரெவெலி. 1944இல் அது இறந்தபோது கைல் ஃபீல்டில் ராணுவ முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. 1966 முதல் நீண்ட முடியுள்ள கோலி இன நாய்தான் ரெவெலி. கேடட் படையில் எல்லோரையும்விட உயர்ந்த பதவி அதற்குத்தான். கேடட் படையின் ஒரு குறிப்பிட்ட பிரிவு மாணவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். வகுப்புக்கும் வரும், வகுப்பில் குரைத்தால் பாடம் முடிந்தது என்று ஒரு வழக்கு உண்டு. 'மிஸ் ரெவ், மேம்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

இறந்த ரெவெலிகளை மைதானத்தின் வடக்கு வாசலில் புதைத்திருக்கிறார்கள். அவை புள்ளிப் பலகையைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மைதானத்தை உயர்த்திக் கட்டியபோது பலகை மறைந்துவிட்டது. கல்லறைகளுக்கு எதிரில் ஒரு சின்னப் புள்ளிப் பலகையைத் தனியாக வைத்தார்கள். ஆட்ட நாளில் நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே இரைச்சல், வெளியே ஆளில்லாத புல்தரை, கல்லறைகளுக்காக மட்டும் எண்கள் மாறிக்கொண்டிருக்கும் ஒரு பலகை. நம் ஊரில் முன்னோருக்கு இலை போடுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை.

போட்டிப் பகை இல்லாமல் விளையாட்டு மரபு ஏது? இவர்களுக்கு எதிரி, 160 கிலோமீட்டர் தொலைவில் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம். 1894இல் முதல் ஆட்டம். 38–0 என்று டெக்சஸ் வென்றது. கிராமத்து உழவர் பிள்ளைகளுக்கும் தலைநகரத்து வக்கீல் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்த பழைய மனத்தாங்கல்தான் இதற்கு அடியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆகீக்களின் போர்ப்பாட்டு, முதல் உலகப் போரின் முடிவில் ரைன் நதிக்கரையில் காவல் நின்ற பிங்கி வில்சன் என்ற மாணவர் எழுதியது. அதில்கூட டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குத்தான் விடைகொடுக்கிறார்கள். எதிரணியின் சின்னம் நீண்ட கொம்புள்ள மாடு. பாட்டின் முடிவில் எல்லோரும் தோளோடு தோள் கைபோட்டுக்கொண்டு, அந்தக் கொம்பை அறுப்பதுபோல் இடமும் வலமுமாக ஆடுவார்கள். ரம்பம் போகும், வரும். பல்லாயிரம் பேர் ஒரே தாளத்தில் ஆடும்போது மேல்மாடம் உண்மையாகவே அசையும். அலுமினியப் பலகை என் செருப்புக்கு அடியில் நகர்ந்ததை 2007 நவம்பரில் உணர்ந்தேன். அன்று 38–30 என்று டெக்சஸை வென்றிருந்தோம். என் இடது தோளில் கைபோட்டிருந்தவர் எழுபது வயதுப் பழைய மாணவர். பெயர்கூடக் கேட்கவில்லை.

இந்தப் பகையிலிருந்து பிறந்ததுதான் பான்ஃபயர். இதைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவோமே, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸோடு ஆடும் ஆட்டத்துக்கு முன்னால் ஏ அண்ட் எம் மாணவர்கள் பெரும் தீ மூட்டுவார்கள். 1909 வாக்கில் குப்பையும் பழைய பலகையுமாகத் தொடங்கியது. 1940களில் முழு மரங்களை அடுக்க ஆரம்பித்தார்கள். இலையுதிர் காலம் முழுவதும் வாரக்கடைசிகளில் காட்டுக்குப் போய்க் கோடாரியால் மரம் வெட்டி, தோளில் சுமந்து வந்து, நடுக்கம்பத்தைச் சுற்றிச் செங்குத்தாக நிறுத்திக் கம்பியால் கட்டி, அடுக்கு மேல் அடுக்காக எழுப்புவார்கள். 1969இல் 109 அடியைத் தாண்டியது. எல்லாம் மாணவர்களே. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்த வேலை. கொளுத்திய பின் நடுக்கம்பம் நள்ளிரவு தாண்டியும் விழாமல் நின்றால் மறுநாள் வெற்றி என்பது நம்பிக்கை. 1963இல் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடுக்கி முடித்ததைக் கொளுத்தாமல் தாங்களே பிரித்தெடுத்தார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. சுமார் ஐயாயிரம் மரங்கள், 59 அடி உயரம். மேலே மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். உள்ளே ஆட்கள் சிக்கியிருந்ததால் இயந்திரங்களை எடுத்தவுடன் இறக்க முடியவில்லை. கால்பந்து அணி வீரர்கள் வந்து கையால் மரங்களைத் தூக்கினார்கள். பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பேச்சில்லாமல் நின்றார்கள்.

எட்டு நாள் கழித்து டெக்சஸோடு ஆட்டம். எதிரிப் பல்கலைக்கழகம் தன் வழக்கமான பேரணியைக் கைவிட்டு, மெழுகுவர்த்தி ஏந்தி அஞ்சலிக் கூட்டம் நடத்தியிருந்தது. இடைவேளையில் டெக்சஸின் பேண்ட் குழு, இறந்தவர்களுக்கான இசையை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி களத்தைவிட்டு நடந்தது. ஆகீக்கள் எழுந்து நின்று வணங்கினார்கள். ஆட்டத்தை ஏ அண்ட் எம் 20–16 என்று வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பழைய மாணவர்கள் யாரும் என்னிடம் புள்ளிக்கணக்கைச் சொல்லித் தொடங்கியதில்லை; தொப்பியைப் பற்றித்தான் சொல்வார்கள்.

விசாரணைக் குழு 2000 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. மேலடுக்கின் மரங்கள் ஆப்புபோல் கீழடுக்குக்குள் இறங்கி, அதை வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கின்றன. அந்தத் தள்ளலைத் தாங்கக் கீழடுக்கின் கட்டுக்குப் பலம் போதவில்லை. பொறியியலுக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் நடு வளாகத்தில், ஒரு பொறியாளரின் கணக்குப் பார்க்காமல் இதை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தவறு அன்றிரவு நடந்ததில்லை, பல ஆண்டுகளாக நிர்வாகத்தில் யாரும் குறுக்கே நின்று கேட்காததே அடிக்காரணம் என்ற பொருளில் அறிக்கை பேசியது. எனக்கு இந்த இடத்தில் மனம் கனக்கிறது. பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நேசித்த ஒன்றைப் பெரியவர்கள் அளந்துபார்த்திருக்க வேண்டும். மரபு என்ற சொல்லைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் 2004 நவம்பர் 18இல் நினைவகம் திறந்தார்கள். ஒரு பெரிய வட்டம். அதில் 12 வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்த ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்திருக்கிறது. வாசல்களை இணைக்கும் 27 கற்கள் காயமடைந்தவர்களுக்கு. வட்டத்துக்கு இட்டுச்செல்லும் பாதையில் ஆண்டுக்கொரு கல், 1963க்கு மட்டும் வெற்றிடம். உங்கள் மகள் மைதானத்துக்குப் போவதற்கு முன்பே இங்கே போய்வரட்டும். ஒரு வாசலுக்குள் நின்றால், அந்தப் பிள்ளையின் முகமும் அவர் எழுதியதோ அவரைப் பற்றி எழுதியதோ உலோகத்தில் பொறித்திருப்பதும் கண்ணுக்கு நேராக இருக்கும். படித்துவிட்டு நிமிர்ந்தால் வாசல் காட்டும் திசையில் வெறும் வானம்.

வளாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் தொடர்பில்லாமல் மாணவர்கள் வேறு வடிவத்தில் இன்றும் தீ மூட்டுகிறார்கள். டெக்சஸோடு ஆட்டம் மீண்டும் வரப்போகிறது என்றவுடன், பான்ஃபயரை வளாகத்துக்குள் திரும்பக் கொண்டுவரலாமா என்று பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று 2024 ஜூனில் பல்கலைக்கழகத் தலைவர் முடிவெடுத்தார். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்டம் 'மீண்டும்' வந்ததற்குக் காரணம் பணமும் தொலைக்காட்சியும். 2012இல் ஏ அண்ட் எம், டெக்சஸ் இருந்த விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டு, தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறியது. 2011இல் கடைசிப் பந்தில் 27–25 என்று தோற்றதோடு நூற்றாண்டுப் பகை நின்றுபோனது. பதிமூன்று ஆண்டு இடைவெளி. டெக்சஸும் அதே கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு, 2024 நவம்பர் 30இல் கைல் ஃபீல்டில் ஆடினார்கள்; டெக்சஸ் 17–7 என்று வென்றது.

பணத்தைப் பற்றி உங்களுக்கு உறுத்தல் இருந்தால் அது நியாயமானது. 2023 நவம்பரில் ஒரு பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அனுப்ப, 7.5 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டார்கள். கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்காமல் தவிக்கும் மாணவர்கள் படிக்கும் ஊரில் இதைக் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். கால்பந்து வருமானமும் நன்கொடையாளர்களும்தான் மற்ற விளையாட்டுகளைச் சுமக்கிறார்கள் என்பதும் உண்மை. 2025–26 முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, என்று நீதிமன்றத் தீர்வு வந்துவிட்டது. உடம்பை முறித்துக்கொள்கிறவர்களுக்குப் பங்கு போவதை நான் வரவேற்கிறேன். வெறும் நேசத்துக்காக நின்ற கில்லின் சிலைக்கு முன்னால் இதெல்லாம் எப்படி ஒத்துப்போகும் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கால்பந்தில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேசியப் பட்டம் 1939ஆம் ஆண்டினுடையது. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல், கடைசியில் டுலேன் பல்கலைக்கழகத்தை 14–13 என்று முடித்தார்கள். அதற்குப் பிறகு ஜான் டேவிட் குரோ 1957இலும் ஜானி மன்ஸெல் 2012இலும் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார்கள். மன்ஸெல் அதை வாங்கிய முதல் முதலாண்டு மாணவர். பட்டம் இல்லாத இத்தனை ஆண்டுகளிலும் மாடம் காலியானதே இல்லை. உள்ளூரில் வென்றால் முதலாண்டு கேடட்டுகள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துக் குளத்தில் தூக்கிப் போடுவார்கள். தோற்றால் கூட்டம் கலையாமல் அங்கேயே நின்று, அடுத்த ஆட்டத்துக்கான கோஷத்தைப் பழகும். தோற்றோம் என்று சொல்ல மாட்டார்கள்; நேரம் போதவில்லை, அவ்வளவுதான் என்பார்கள். நான் இருந்த காலத்தில் அதிகம் பழகினோம்.

எல்லாப் பழங்கதையையும் நான் ஏற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1954இல் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையன்ட், சுமார் நூறு பையன்களை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் தண்ணீர்கூடத் தராமல் பத்து நாள் பயிற்சி கொடுத்தார். பெரும்பாலோர் இரவோடிரவாக ஓடிவிட்டார்கள். தாக்குப்பிடித்தவர்களை வீரர்களாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஆண்டு ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வென்றார்கள். ஓடிப்போன பையன்களின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

மரபு மாறாது என்பதும் உண்மையில்லை. 1963இல்தான் பெண்களையும் கறுப்பின மாணவர்களையும் சேர்த்தார்கள். 1965இல் கேடட் படை விருப்பத்துக்கு விடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரையில் பாறையேறிப் போரிட்ட படைத் தலைவர் ஜேம்ஸ் ரட்டர் அப்போது பல்கலைக்கழகத் தலைவர். கல்லூரி அழிந்துபோகும் என்று பழைய மாணவர்கள் கூச்சலிட்டார்கள்; அவர் அசையவில்லை. அவர் திறந்த கதவு வழியாகத்தான் உங்கள் மகளும் போகிறாள். பேண்ட் குழுவில் பெண்கள் சேர 1985 வரை, நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இப்போது அந்தக் குழுவில் சுமார் நானூறு பேர், எல்லோரும் கேடட்டுகள். இடைவேளையில் இறங்கினால் கோடு போட்டதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஊடுருவிப் போவார்கள். கழுத்து வலிக்கப் பார்ப்பேன்.

மற்ற விளையாட்டுகளையும் விட்டுவிட வேண்டாம். பெண்கள் கூடைப்பந்து அணி 2011இல் நோட்ரே டேமை 76–70 என்று வென்று தேசியப் பட்டம் எடுத்தது. பெண்கள் டென்னிஸ் அணி 2024இல் எடுத்தது. 2009 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தடகளத்தில் ஆண்கள், பெண்கள் இரு பட்டமும் இவர்களுக்கே. பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒரு மாலை போகச் சொல்லுங்கள்: எதிரணி வீசுபவர் நான்கு தவறான பந்து போட்டுவிட்டால் கூட்டம் 'பந்து ஐந்து, பந்து ஆறு' என்று அவர் ஒழுங்காகப் போடும்வரை எண்ணிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டுக்கு வெளியே ஒரே ஒரு வழக்கம், ஏனென்றால் இதுவும் அதே வேரில் கிளைத்தது. படிக்கும் காலத்தில் மாணவர் யாராவது இறந்தால், அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை இரவு பத்தரைக்கு வளாகத்தின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். 'சில்வர் டாப்ஸ்' என்று பெயர். மாணவர்கள் அமைதியாக வந்து கூடுவார்கள். மூன்று சுற்றுத் துப்பாக்கி முழக்கம். பிறகு கொம்பூதிகள் வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று திசை பார்த்து ஊதுவார்கள். கிழக்குப் பக்கம் ஊதுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இனிச் சூரியன் உதிக்காது. என் முதல் செமஸ்டரில் போனேன். இறந்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அங்கே வந்திருந்த பெரும்பாலோருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் மகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மாணவர்களுக்கான விளையாட்டுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கான டிக்கெட்டை அந்த வாரம் எடுப்பார்கள். முதல் நாள் இறுதியாண்டு மாணவர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும், பிறகு மற்றவர்களுக்கு என்று வரிசை உண்டு. செப்டம்பரில் வெயில் நம் ஊர் சித்திரையைப் போலிருக்கும். பருத்தி உடை, தேய்ந்த செருப்புக்குப் பதில் நல்ல ஷூ, நிறையத் தண்ணீர். பல்கலைக்கழகத்தின் நிறமான அரக்கு நிறத்தில் சட்டை ஒன்று போதும். மாணவர் மன்றக் கட்டடமான எம்.எஸ்.சி.க்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும், அதைச் சுற்றியுள்ள புல்லில் கால் வைக்கக் கூடாது. போரில் இறந்த மாணவர்களின் நினைவு அது. வழியில் யார் 'ஹௌடி' என்று வணக்கம் சொன்னாலும் பதிலுக்கு 'ஹௌடி' என்றால் போதும்.

முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு பதினொன்றரைக்கே தோழிகளோடு போய்விடட்டும். பிந்தினால் மேல்படிதான் கிடைக்கும். பாட்டின் வரிகள் தெரியாது என்று தயங்க வேண்டாம். கொம்பறுக்கும் இடம் வந்ததும் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் தாங்களே தோளில் கைபோட்டுவிடுவார்கள். அவர்கள் சாயும் பக்கம் சாய்ந்தால் போதும்.